பன்றித் தீவனத்தில் மூலிகைச் சேர்க்கைகளும் ஆகாரச் சத்துக்களின் ஜீரணமும்

பன்றி வளர்ப்பில் நஷ்டம் பெரும்பாலும் எப்பொழுது நேருகிறதென்று ஒழுங்காகக் கணக்கெழுதி வைப்போரைக் கேட்டால், குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்த முதல் இரண்டு வாரங்களிலேயே என்று தயங்காமல் விடை கூறுவர். ஏறக்குறைய மணிக்கொரு தடவை வெதுவெதுப்பான தாய்ப்பாலைக் குடித்து வந்த குட்டி, ஒரே நாளில் தாயையும் பாலையும் இழந்து, முன்பின் அறியாத குட்டிகளோடு ஒரு கொட்டிலில் அடைபட்டு, உலர்ந்த மாவுத் தீவனத்தை உண்ணவேண்டியதாகிறது. முதல் நாளில் பல குட்டிகள் தீவனத்தைத் தொடுவதே இல்லை. பின்னர்ப் பசி மிகுந்து ஒரேயடியாகத் தின்கின்றன. தின்றது ஜீரணமாவதில்லை, கழிச்சல் காண்கிறது. சில மடிகின்றன, பிழைத்தவையும் வளர்ச்சியில் பின்தங்கிவிடுகின்றன.

இக்காலத்திற்கு உதவுமென்று கூறி, மூலிகைப் பொடிகளும் தைலங்களும் கடைகளில் இப்பொழுது மிகுதியாக விற்கப்படுகின்றன. "இப்பொடியைச் சேர்த்தால் தீவனம் முழுவதும் ஜீரணமாகும்" என்பதே விற்பனை செய்வோரின் வாக்கு. இதை நம்பலாமா என்று பன்றி வளர்ப்போர் கேட்கின்றனர். ஒரு சொல்லில் விடை கூறக்கூடிய கேள்வியன்று இது. ஜீரணம் என்பது எங்கே நடைபெறுகிறது, அதை எவ்வாறு அளக்கிறார்கள் என்பவற்றைத் தெரிந்துகொண்டால், பொடியின் குணத்தை வளர்ப்போர் தாமே மதிப்பிடலாம்.

மூலிகைகளின்மேல் ஆராய்ச்சியாளரின் நாட்டம் சென்ற வரலாற்றை முதலிற் சுருக்கமாகக் கூறுவோம். 1940-களின் இறுதியில் அமெரிக்காவில், ஆன்டிபயாட்டிக் மருந்து தயாரித்தபின் மிஞ்சிய சக்கையைக் கோழிக்குஞ்சுகளுக்கு ஊட்டியபோது அவை வழக்கத்தினும் விரைவாக வளர்ந்தன. அதன்பின் மிகச் சிறிய அளவில் இம்மருந்துகளைக் கோழி, பன்றித் தீவனங்களிற் சேர்ப்பது உலகெங்கும் பரவிற்று. ஆனால் அத்தகைய சிறு அளவை நாள்தோறும் சந்தித்த கிருமிகள் மருந்தை எதிர்த்து நிற்கும் வல்லமை பெற்றன. அவ்வல்லமை மனிதரைத் தாக்கும் கிருமிகளுக்கும் சென்றது. ஸ்வீடன் தேசம் 1986-ஆம் ஆண்டில், வளர்ச்சியின் பொருட்டு இவற்றைத் தீவனத்திற் சேர்ப்பதைச் சட்டத்தால் தடுத்தது. ஐரோப்பியக் கூட்டுறவு நாடுகள் யாவற்றிலும் 2006-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் இத்தடை அமுலுக்கு வந்தது. நம் நாட்டில் மத்திய சர்க்கார் 2019-ஆம் ஆண்டில், கோலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொடுப்பதைத் தடை செய்தது. மற்ற மருந்துகள் பயனற்றுப்போன நோயாளிக்குக் கடைசித் துணையாக நிற்கும் மருந்து அது.

டென்மார்க்கின் அனுபவம் நமக்குப் பாடமாகத் தக்கது. அங்கே 1998-ஆம் ஆண்டில் இறைச்சிக்காகக் கொழுக்க வளர்க்கும் பெரிய பன்றிகளுக்கும், 1999-ஆம் ஆண்டின் இறுதிக்குள் பால் மறந்த குட்டிகளுக்கும் இச்சேர்க்கை நிறுத்தப்பட்டது. பெரிய பன்றிகளிடம் குறிப்பிடத்தக்க கெடுதல் எதுவும் தோன்றவில்லை. குட்டிகளிடமோ கழிச்சல் அதிகரித்தது. நோய் தீர்ப்பதற்காகக் கொடுக்கும் மருந்தின் அளவும் சில காலம் ஏறிற்று. குட்டிகளின் கழிச்சலைத் தடுக்க ஐரோப்பாவில் கொடுத்துவந்த மிகுந்த அளவான துத்தநாக ஆக்சைடும், சாணத்தின் வழியாக நிலத்திற் சேர்வதனாலும் வேறு காரணங்களாலும், 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தோடு நிறுத்தப்பட்டது. ஆகவே, மாற்றுப் பொருளின் தேவை உண்மையிலேயே எங்கிருக்கிறதென்றால், பால் மறந்த குட்டியின் குடலிலேயே என்பது தெளிவு. மூலிகைப் பொடியை எல்லாப் பன்றிகளுக்கும் எல்லாக் காலத்திலும் ஊட்டச் சொல்பவர் இதை மறந்தவராவார்.

இனி, குட்டியின் ஜீரண உறுப்புக்களைப் பார்ப்போம். பால் குடிக்கும் குட்டியின் இரைப்பையில் உப்பமிலம் குறைவாகவே சுரக்கிறது. பாலிலுள்ள சர்க்கரை புளித்து உண்டாகும் லாக்டிக் அமிலம் அக்குறையை நிறைவு செய்கிறது. பால் நின்றவுடன் இத்துணையும் போய்விடுகிறது. இரைப்பையில் புளிப்புத் தன்மை போதாவிடில் புரதம் சரியாக வேகாத பண்டம்போல் சிறுகுடலுக்குள் இறங்குகிறது. தீய கிருமிகளும் அதனுடன் உயிரோடு இறங்குகின்றன. சிறுகுடலின் உட்புறத்தில் வெல்வெட்டுத் துணியின் மயிர்போல் நெருங்கி நிற்கும் நுண்ணிய உறிஞ்சிகள், குட்டி உண்ணாதிருக்கும் முதல் சில நாட்களில் குட்டையாகிவிடுகின்றன. ஜீரணிக்கும் பரப்பும் உறிஞ்சும் பரப்பும் ஒருங்கே குறைகின்றன. ஜீரணமாகாமல் நின்ற புரதத்தை உண்டு கிருமிகள் பெருகுகின்றன. கழிச்சல் பெரும்பாலும் இவ்வாறு தோன்றுவதேயன்றி, தீவனத்தில் ஏதோ ஒரு சத்துக் குறைந்ததால் தோன்றுவதன்று.

இந்நிலையில் மூலிகைகள் என்ன செய்யக்கூடும்? மேல்நாடுகளில் அதிகமாகப் பரிசோதிக்கப்பட்டவை ஆரிகனோ, தைம் என்னும் இரு செடிகளின் தைலங்கள். முன்னதில் கார்வக்ரால், பின்னதில் தைமால் என்னும் பொருள்கள் முக்கியமானவை. இப்பெயர்களைக் கண்டு நம் வாசகர்கள் மலைக்க வேண்டியதில்லை. தைமால் நமது ஓமத்தின் மணமேயாகும். கார்வக்ரால் வீட்டு முற்றத்தில் வளரும் கற்பூரவள்ளி இலையிலும் உண்டு. இவ்விரண்டினையும் தவிர, கிராம்பிலுள்ள யூஜினால், இலவங்கப்பட்டையிலுள்ள சின்னமால்டிஹைடு, மிளகாயின் காப்சைசின், மிளகின் பைப்பரின் முதலியனவும் பரிசோதனைக்கு உள்ளாயின. குழந்தையின் வயிற்றுக்கு ஓமநீர் கொடுத்த பாட்டிமாரின் வழக்கத்திற்கும் இவ்வாராய்ச்சிக்கும் உறவு இருக்கிறதென்று பெருமைப்படலாம். ஆனால் ஒரு சங்கு ஓமநீரின் அனுபவத்தைக் கொண்டு ஒரு டன் தீவனத்திற்கு அளவு கூற முடியாது.

தைமாலும் கார்வக்ராலும் கிருமியின் மேற்சவ்வைச் சிதைத்து, அதனுள்ளிருக்கும் உப்புக்களை வெளியே கசியச் செய்து அதனைக் கொல்கின்றன. இது கண்ணாடிக் குழாயில் பலமுறை நிரூபிக்கப்பட்டது. காரப் பொருள்கள் வேறு வழியில் வேலை செய்கின்றன. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் மிளகாய், மிளகு, இஞ்சி, சீரகம் போன்றவற்றை எலிகளுக்கு ஊட்டி, பித்தநீரும் கணையத்தின் ஜீரண ரசங்களும் அதிகரிப்பதைக் கண்டனர். எலியிற் கண்டது பன்றியிலும் அப்படியே நிகழும் என்று கொள்வது அவசரமாகும். எனினும் வழி இருக்கிறதென்பதை அது காட்டுகிறது.

இங்கே ஒரு முக்கியமான தடையைக் கூறவேண்டும். தைமால், கார்வக்ரால், யூஜினால், சின்னமால்டிஹைடு ஆகிய நான்கையும் பன்றிக்குட்டிகளுக்குக் கொடுத்து, அவை குடலில் எவ்வளவு தூரம் செல்கின்றன என்று பார்த்தபோது, ஏறக்குறைய முழுவதும் இரைப்பையிலும் சிறுகுடலின் முற்பகுதியிலுமே உறிஞ்சப்பட்டுவிட்டன. கழிச்சலை உண்டாக்கும் கிருமிகளோ சிறுகுடலின் நடுவிலும் கடைசியிலுமே பெருகி நிற்கின்றன. எதிரி நிற்கும் இடத்தை மருந்து எட்டுவதே இல்லை. இதற்காகவே தைலத்தை உறைந்த தாவரக் கொழுப்பினால் மூடி, நுண்ணிய மணிகளாகச் செய்து விற்கிறார்கள். கொழுப்பு சிறுகுடலில் சிறிது சிறிதாகக் கரைய, தைலம் மெல்ல வெளிப்படுகிறது. ஆகையால் வெறும் பொடி, மூடிய மணி இரண்டும் ஒன்றல்ல. வெறும் தைலத்திற்கு மற்றொரு குறையும் உண்டு. சூடான ஆவியிட்டுக் குச்சித் தீவனம் செய்யும்போதும், மூட்டை பல வாரம் கிடக்கும்போதும் அதில் ஒரு பங்கு காற்றிற் கலந்து போய்விடும்.

அடுத்தது, ஜீரணத்தை அளக்கும் முறை. விற்பனைப் பத்திரங்களில் "புரத ஜீரணம் நூற்றுக்கு இத்தனை பங்கு உயர்ந்தது" என்று அச்சிடப்படுவதைக் காண்கிறோம். எங்கே அளந்தார்கள் என்பதை முதலிற் கேட்க வேண்டும். தின்ற புரதத்திலிருந்து சாணத்திற் போன புரதத்தைக் கழித்தால் மிஞ்சுவது ஜீரணமானது என்பது பழைய முறை. பன்றியின் விஷயத்தில் இது ஏமாற்றமளிக்கும். சிறுகுடலில் ஜீரணமாகாமல் பெருங்குடலை அடைந்த புரதத்தை அங்குள்ள கிருமிகள் சிதைக்கின்றன. அதிலுள்ள நைட்ரஜன் அம்மோனியாவாக உறிஞ்சப்பட்டு, யூரியாவாக மாறி, சிறுநீரோடு வெளியேறுகிறது. சாணத்தில் அது காணப்படாததால் ஜீரணமானதுபோல் கணக்கு காட்டும். பன்றியின் சதைக்கோ அதனால் ஒரு பயனும் இல்லை. அமினோ அமிலங்களைச் சதைக்கு உதவும் வகையில் உறிஞ்சும் இடம் சிறுகுடல் ஒன்றே. ஆகவே ஆராய்ச்சி நிலையங்களில் சிறுகுடலின் கடைசியில் ஒரு சிறு குழாயைப் பொருத்தி, அங்கு வந்து சேரும் கூழை எடுத்துச் சோதிக்கிறார்கள்.

கூழ் முழுவதையும் சேகரிக்க முடியாதாகையால், ஜீரணமே ஆகாத ஓர் அடையாளப் பொருளைத் தீவனத்திற் கலக்கிறார்கள்; டைட்டானியம் டை ஆக்சைடு அவ்வாறான ஒன்று. கணக்கு மிக எளிது. உதாரணத்திற்காக, ஒரு கிலோ தீவனத்தில் அடையாளப் பொருள் 4 கிராமும் புரதம் 200 கிராமும் உள்ளனவென்று வைத்துக்கொள்வோம். சிறுகுடலின் கடைசியில் எடுத்த கூழை உலர்த்திச் சோதிக்க, கிலோவுக்கு அடையாளப் பொருள் 16 கிராமும் புரதம் 160 கிராமும் இருந்தால், தீவனம் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியதென்று பொருள். தின்ற ஒவ்வொரு கிலோவிலும் கால் கிலோ மிஞ்சிற்று. அதில் 40 கிராம் புரதம் இருந்தது. 200-ல் 160 உறிஞ்சப்பட்டது. ஜீரணம் நூற்றுக்கு 80 பங்கு. மூலிகை ஊட்டிய கொட்டிலில் அடையாளப் பொருள் அதே 16 கிராமாக இருந்து, புரதம் 150 கிராமாகக் குறைந்திருப்பின், ஜீரணம் நூற்றுக்கு 81¼ பங்காகும்.

இந்த 1¼ பங்கு உயர்வின் மதிப்பென்ன? தீவனம் கிலோவுக்கு 2½ கிராம் புரதம் அதிகமாகக் கிட்டிற்று. 8 கிலோ எடையில் தொடங்கி 20 கிலோ எடைக்கு வளர ஒரு குட்டி சுமார் 20 கிலோ தீவனம் தின்னுமென்று கொண்டால், மொத்தம் 50 கிராம் புரதம். அதில் பாதியே உடலில் தங்கும் என்றும், வளரும் குட்டியின் எடையில் நூற்றுக்கு 16 பங்கு புரதம் என்றும் எடுத்துக்கொண்டால், கிடைக்கும் அதிக எடை 150 கிராமுக்குச் சற்றே மேற்படும். ஜீரணம் உயர்ந்ததால் மாத்திரம் ஒரு மாதத்தில் இரண்டு கிலோ கூடிற்று என்று எவரேனும் கூறுவாராயின், அவருடைய கணக்கு எங்கேயோ தவறியிருக்கிறது. உண்மையில் நல்ல பலன் காணப்பட்ட இடங்களில் அது பெரும்பாலும் கழிச்சல் குறைந்து, குட்டிகள் தீவனத்தை விடாமல் உண்டதனால் வந்தது. குடல் கெடாதபோது அது தன் உறிஞ்சிகளைப் புதுப்பிப்பதற்கும் சளியைச் சுரப்பதற்கும் செலவிடும் புரதம் குறைகிறது. இந்தச் சொந்தக் கழிவும் மேற்படி கூழிற் கலந்தே வருவதால், அது குறைந்தாலும் "ஜீரணம் உயர்ந்தது" என்றே எண் காட்டும். தீவனம் நன்றாக ஜீரணமாயிற்றா, குடல் குறைவாக இழந்ததா என்பதை எண் மட்டும் பிரித்துச் சொல்லாது.

இவ்விடத்தில் பைட்டேஸ் என்னும் நொதியை ஒப்பிட்டுக் காட்டுதல் தகும். தானியங்களிலும் தவிட்டிலும் உள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, பன்றியால் எடுத்துக்கொள்ள இயலாதபடி பைட்டேட் என்ற வடிவிற் கட்டுண்டிருக்கிறது. இந்நொதியைச் சேர்த்தால் அக்கட்டு அவிழ்ந்து பாஸ்பரஸ் ஜீரணம் உயர்வது நாடுதோறும் மறுபடி மறுபடி கண்ட உண்மை. மூலிகைகளிடம் அத்தகைய ஒருமைப்பாடு இல்லை. ஒரு பரிசோதனையிற் பலன், மற்றொன்றில் ஒன்றுமில்லை என்பதே அவற்றின் வரலாறு. சுத்தமான கொட்டிலில், நோயற்ற குட்டிகளிடம் சோதித்தால் வித்தியாசம் தோன்றாமற் போவதில் வியப்பில்லை. திருத்துவதற்கு அங்கே ஒன்றுமில்லையல்லவா?

ஓமத்தை வாங்கி அரைத்துப் போடலாமே என்று நினைப்போர்க்கு மற்றொரு கணக்கு. ஓமத்தில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை தைலமிருக்கும். 3 என்று கொள்வோம். அத்தைலத்தில் பாதி தைமால் என்றால், ஒரு கிலோ ஓமத்தில் தைமால் 15 கிராம். அந்த ஒரு கிலோவை ஒரு டன் தீவனத்திற் கலந்தால், தீவனம் கிலோவுக்குக் கிடைப்பது 15 மில்லிகிராமே. குடற்கூழில் கிருமிகளை அடக்கப் பல நூறு மில்லிகிராம் வேண்டியிருப்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன. 500 மில்லிகிராம் அளவை எட்ட வேண்டுமானால் டன்னுக்கு 33 கிலோ ஓமம் தேவை. அதன் விலை ஒருபுறமிருக்க, அவ்வளவு காரமான தீவனத்தைக் குட்டி தின்னுமா என்பதே சந்தேகம். கற்பூரவள்ளி இலையில் பெரும்பகுதி நீராகையால் அதன் கணக்கு இதனினும் மோசமாகும். விதைத்த இடம், அறுத்த பருவம், உலர்த்திய விதம் இவற்றிற்கேற்பத் தைலம் கூடியும் குறைந்தும் இருக்குமாதலால், சென்ற மூட்டையின் பலனை அடுத்த மூட்டையில் எதிர்பார்ப்பதற்குமில்லை.

மூலிகை மணம் பன்றிக்குப் பசியைத் தூண்டும் என்பது மற்றொரு பரவலான நம்பிக்கை. ஆஸ்திரியா, ஜெர்மனி தேசங்களில் மணமிட்ட தீவனத்தையும் மணமிடாததையும் அருகருகே வைத்துக் குட்டிகளைத் தெரிந்தெடுக்க விட்ட சோதனைகள் சிலவற்றில், அவை மணமிடாத தொட்டியையே நாடின. மனிதனின் மூக்கிற்கு இதமானது பன்றிக்கும் இதமென்று கருத ஆதாரமில்லை. துவர்ப்புப் பொருள்களிடமும் எச்சரிக்கை வேண்டும். துவர்ப்பு கழிச்சலைக் கட்டலாம். ஆனால் புரதத்தோடு பிணைந்து அதன் ஜீரணத்தைக் குறைப்பதும் அதுவே. துவர்ப்பு மிகுந்த சோளத்தைத் தின்ற பன்றி இளைப்பதற்கு இதுவே காரணம். பூண்டுத் தைலத்தை அதிகமாக ஊட்டினால் இறைச்சியில் அம்மணம் ஏறும். மூலிகை என்ற பெயரினாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. ஆமணக்கு விதையின் நஞ்சும் மூலிகைப் பொருளே.

சட்ட விஷயத்தில் ஒரு நுட்பத்தையும் வாசகர் அறிந்திருத்தல் நலம். ஐரோப்பாவில் 2003-ஆம் ஆண்டின் தீவனச் சேர்க்கைச் சட்டம், "ஜீரணத்தை உயர்த்துபவை" என்று ஒரு வகுப்பையும் "மணமூட்டிகள்" என்று வேறொரு வகுப்பையும் ஏற்படுத்தியது. முன்னதிற் பதிய விரும்புவோர் பிராணிகளிடம் பரிசோதித்துப் பலனை மெய்ப்பிக்க வேண்டும். தாவரத் தைலங்களிற் பெரும்பாலானவை மணமூட்டிகளாகவே பதியப்பட்டுள்ளன. சீட்டில் மணமூட்டி என்றும், வாய்ப்பேச்சில் ஜீரண மருந்து என்றும் ஒரு பண்டம் வந்தால், எதை நம்புவதென்று சொல்ல வேண்டியதில்லை.

பொடி வாங்குமுன் தீவனத்தைத் திருத்த வேண்டும் என்பதே எமது அபிப்பிராயம். சோயா மொச்சையை வறுக்காமல் ஊட்டினால், அதிலுள்ள தடைப்பொருள் கணையத்தின் ஜீரண ரசத்தை முடக்கிவிடும். அதை ஓமத்தால் சரிக்கட்ட முடியாது. பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். தானியம் கரடுமுரடாக இருந்தால் முழு மணியாகவே சாணத்திற் போகும். பட்டுப்போல் அரைத்தாலோ இரைப்பையிற் புண் உண்டாகலாம். பால் மறந்த குட்டியின் தீவனத்தில் புரதத்தைச் சற்றுக் குறைத்து, குறைந்த லைசினைத் தனியே சேர்த்தால், கிருமிக்கு இரையாகும் மிச்சப் புரதம் குறையும். குட்டிகளை நான்கு வாரத்திற்கு முன் பிரிக்காதிருப்பதும், பிரிப்பதற்கு ஒரு வாரத்திற்கு முன்பே சிறிது தீவனம் கொறிக்கப் பழக்குவதும் பணச் செலவில்லாத பரிகாரங்கள்.

இவையெல்லாம் செய்தும் கழிச்சல் நிற்கவில்லையெனில், பொடியைச் சோதித்துப் பார்க்கலாம். சென்ற ஈற்றுக்குப் போடாமல் இந்த ஈற்றுக்குப் போட்டு, "முன்னைக்கு இப்பொழுது தேவலை" என்பது சோதனையாகாது. மழையும் வெயிலும் தாயின் பாலும் இடையே மாறியிருக்கும். ஒரே ஈற்றின் குட்டிகளை எடை பார்த்து, எடையும் பாலும் ஒத்தவற்றை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றை இக்கொட்டிலிலும் மற்றதை அக்கொட்டிலிலும் விடவேண்டும். தீவனம், தொட்டி, தண்ணீர் யாவும் ஒன்றாயிருக்க, பொடி மட்டும் ஒரு கொட்டிலுக்குச் சேரவேண்டும். பொடியை நேரே தீவனக் குவியலிற் கொட்டாமல், முதலில் ஐந்து கிலோ தவிட்டில் கலந்து, அதை இருபத்தைந்து கிலோவில் கலந்து, பிறகே மற்றதோடு சேர்க்க வேண்டும். இல்லையேல் ஒரு குட்டிக்கு மிகுதியும் மற்றொன்றுக்கு வெறுமையுமாகும். அடுத்த ஈற்றில் கொட்டில்களை மாற்றிப் பொடியிட வேண்டும். ஒரு கொட்டில் இயல்பாகவே காற்றோட்டமுள்ளதாக இருக்கலாமன்றோ? இவ்வாறு ஐந்தாறு ஈற்றுக்கள் செய்தபின், எல்லாவற்றிலும் அல்லது ஏறக்குறைய எல்லாவற்றிலும் பொடியிட்ட கொட்டில் முந்தி நின்றால், பலன் உண்டென்று கொள்ளலாம். இரண்டில் முந்தி மூன்றிற் பிந்தியிருந்தால் அப்பொடிக்குச் செலவு செய்வது வீண்.

சோதனை நான்கு வாரம் நடக்கட்டும். தொடக்கத்திலும் முடிவிலும் காலையில் தீவனமிடுமுன் எடை பார்க்க வேண்டும். சாணம் கட்டியா, இளக்கமா, நீரா என்பதை நாள்தோறும் ஒரே ஆளே பார்த்துக் குறித்துவருதல் நன்று. அவருக்கு எந்தக் கொட்டிலில் பொடியென்பதைச் சொல்லாதிருப்பது இன்னும் நன்று. தொட்டியில் மிஞ்சிய தீவனத்தையும், கீழே சிந்தி வீணானதையும் நிறுத்துக் கழித்தே உண்ட அளவை எழுத வேண்டும். இடையில் ஒரு குட்டி மாண்டால், அதன் எடையையும் மாண்ட நாளையும் எழுதிவைத்து, அதுவரை அது தின்றிருக்கக்கூடிய தீவனத்தை அக்கொட்டிலின் கணக்கிலிருந்து குறைக்க வேண்டும். இறப்பைத் தனிக் கலத்திற் காட்ட வேண்டும்.